பாலக்கரை பாய் பட்டறை: ஜாம் ஆன புல்லட் என்ஜினை நம்பிக் கொடுக்கலாம்

திருச்சி பாலக்கரையில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு புல்லட் பட்டறை இருக்கிறது. ஸ்பேர் கடைகளில் 'பாய் பட்டறை' என்று கேட்டால் சந்துக்கு வழி சொல்லிவிடுவார்கள். வருஷக்கணக்கில் கிடந்து ஜாம் ஆகிப்போன பழைய இரும்பு பிளாக் (பிஸ்டன் ஓடுகிற சிலிண்டர்) என்ஜினை எழுப்ப வேண்டும் என்றால், இந்த ஊரில் நான் முதலில் கைகாட்டுவது இந்தப் பட்டறையைத்தான். அடுத்த வாரம் கல்யாணத்துக்கு வண்டி வேண்டும் என்பவர்கள் மட்டும் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் பொன்மலை ரயில்வே பணிமனையில், மெஷின் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி என்ஜினையே புதிதாகச் செய்து கொடுத்த பணிமனை அது. அங்கே இருந்தவனுக்கு, ஒருவர் மைக்ரோமீட்டரைப் பிடிக்கிற விதத்திலேயே அவருக்கு வேலை தெரியுமா என்பது தெரிந்துவிடும். அதனால் வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட எனக்கு மனசில்லை. "நான் கூட இருந்து பார்க்கலாமா பாய்?" என்று கேட்டேன். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். தன் வேலையை மற்றவர் பார்க்கட்டும் என்று ஸ்டூல் போடுகிற மெக்கானிக்கை நான் அதிகம் பார்த்ததில்லை.

வண்டி என் அண்ணனுடையது. 1988 மாடல் ஸ்டாண்டர்ட் 350, டி.என். வருவதற்கு முந்தைய மூன்றெழுத்து நம்பர். முழங்கால் வலி வந்து அண்ணனால் கிக்கர் உதைக்க முடியாமல் போன பிறகு, லால்குடி வீட்டுப் பின்கட்டில் கீற்றுக் கொட்டகைக்குள் போனது. பத்து வருஷத்துக்கும் மேல் அங்கேயே நின்றது. நடுவில் யாரோ கார்பரேட்டரைக் கழற்றி எடுத்துப் போய், சுத்தம் செய்து கொண்டுவந்து, மாட்டாமல் ஒரு டப்பாவில் போட்டு வைத்துவிட்டார்கள். அது இருந்த ஓட்டையில் ஒரு துணியைச் சுருட்டி அடைத்திருந்தது. ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் அந்தத் துணி ஈரம் குடித்திருக்கிறது. சைலன்சருக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. கிக்கரை மிதித்தால் கல்லை மிதித்த மாதிரி நின்றது.

இவரிடம் வருவதற்கு முன்னால் வேறு இரண்டு இடங்களில் கேட்டேன். ஒருவர், கியரில் போட்டு இன்னொரு வண்டியில் கயிறு கட்டி இழுத்தால் விட்டுவிடும் என்றார். இன்னொருவர், இதைப் பிரித்து நேரத்தை வீணாக்க வேண்டாம், காயலான் கடையில் முழு என்ஜினே கிடைக்கும், தூக்கி மாட்டிவிடலாம் என்றார். என்ஜின் நம்பர் கிராங்க் கேஸில், அதாவது என்ஜினின் அடிக் கூட்டில், அடித்திருக்கிறது, ஆர்.சி.யிலும் அதுதான் இருக்கிறது. கேஸை மாற்றிவிட்டு ஆர்.டி.ஓ. ஆபீசில் எதைக் காட்டுவது? அதோடு, நல்ல என்ஜின் யார் வீட்டிலிருந்தும் காயலான் கடைக்கு வருவதில்லை.

பாய் முதலில் சொன்னது இவ்வளவுதான்: "கிக்கர்ல யாரும் கால வெக்காதீங்க சார்." குட்டி யானையில் ஏற்றி வந்த வண்டியை இறக்கும்போதே சொன்னார். ஜாம் ஆன என்ஜினை மிதித்தால் முதலில் போவது கியர் பாக்ஸுக்குள் இருக்கிற கிக்கர் பல்லு. அது தாங்கினால் துருவில் பிடித்த பிஸ்டன் ரிங் உடைந்து பிஸ்டனையும் பிளாக்கையும் கீறும். கயிறு கட்டி இழுத்தால் பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற கனெக்டிங் ராடே வளையலாம். சும்மா பிடித்துக்கொண்டிருக்கிற என்ஜினை நிஜமாகவே கெடுப்பது பெரும்பாலும் இந்த முதல் அரை மணி நேர அவசரம்தான்.

அப்புறம் பிளக்கைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கீழே ஒரு தட்டை வைத்து எண்ணெய் டிரெயின் நட்டைத் திறந்தார். இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இரும்பு பிளாக் புல்லட்டுக்குத் தனியாக எண்ணெய் டாங்க் தொங்காது. கிராங்க் கேஸோடு சேர்ந்த அறையே டாங்க். ஒரு பம்பு அங்கிருந்து எண்ணெயை எடுத்து என்ஜினுக்குக் கொடுக்கும், இன்னொரு பம்பு கீழே வடிந்ததை இறைத்துத் திருப்பி அனுப்பும். வண்டி ஓடாமல் நின்றால் டாங்க் எண்ணெய் பம்பு வழியாகவே சொட்டுச் சொட்டாகக் கிராங்க் பக்கம் இறங்கிவிடும். அந்தப் பக்கத்து நட்டைத் திறந்ததும் முதலில் வந்தது எண்ணெய் இல்லை, தண்ணீர். தெளிவான தண்ணீர், ஒரு டீ கிளாஸ் அளவுக்கு. அதற்குப் பின்னால்தான் கறுப்பு எண்ணெய் கெட்டியாக இறங்கியது. தண்ணீர் கனம், அடியில் நிற்கும். எண்ணெய் மேலே.

பாய்க்கு முகம் மலர்ந்துவிட்டது. "கிராங்க் எண்ணெயிலதான் சார் நின்னிருக்கு. மேலதான் வேலை, கீழ பெருசா இருக்காது." கிராங்கின் ஃப்ளைவீலும், ராடின் கீழ் முனையான பிக் எண்டும் இத்தனை வருஷம் எண்ணெய்க் குளியலில் இருந்திருக்கின்றன. துரு பிடித்தது மேலே, ஈரம் போன சிலிண்டருக்குள். கடைசியில் பிரித்துப் பார்த்தபோது அவர் சொன்ன மாதிரியே இருந்தது. ஃப்ளைவீலின் அடி விளிம்பில், தண்ணீர் தொட்ட இடத்தில் மட்டும் ஒரு துருப் பட்டை.

டீசலையும் என்ஜின் ஆயிலையும் கலந்து பிளக் ஓட்டை வழியாக ஊற்றி, அப்படியே விட்டுவிட்டார். தினமும் காலையில் வந்ததும் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஒரு குச்சியை விட்டுப் பார்ப்பார், குறைந்திருந்தால் ஊற்றுவார், வேறு வேலைக்குப் போய்விடுவார். பின் சக்கரத்தை டாப் கியரில் போட்டு முன்னும் பின்னும் லேசாக ஆட்டிப் பார்ப்பதோடு சரி. டாப் கியரில் சக்கரத்தைத் தள்ளினால் கை விசை கிராங்குக்கு ஒரே அளவாக, இதமாகப் போகும். அசைய மறுக்கிறது என்று தெரிந்த பிறகு ஹெட்டைக் கழற்றினார். பிஸ்டன் பாதி வழியில் நின்றுகொண்டிருந்தது, இன்லெட் வால்வு கொஞ்சம் திறந்தபடி. ஈரம் வந்த வழி தெரிந்துவிட்டது. மறுபடி மேலிருந்து எண்ணெய் ஊற்றி ஊற வைத்து, பிஸ்டன் தலையில் ஒரு வேப்பங்கட்டையை நிறுத்தி, மரச் சுத்தியலால் தட்டினார். தம்பி ஒருவர் அதே நேரத்தில் சக்கரத்தை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஓங்கி அடிக்கவே இல்லை. திடீரென்று 'க்ர்க்' என்று ஒரு சத்தம், சக்கரம் ஒரு ஸ்போக் அளவு நகர்ந்தது. அதன் பிறகு கையாலேயே வந்தது.

இனி நான் இந்தப் பட்டறையை ஏன் சிபாரிசு செய்கிறேன் என்பதற்கு வருகிறேன். பாய் அளக்காமல் எதையும் மாற்றுவதில்லை. அளந்து பார்த்து நன்றாக இருந்தால், மாற்றச் சொன்னாலும் மாற்றுவதில்லை.

கழற்றிய பிஸ்டனின் தலையைத் துடைத்ததும் 20 என்று தெரிந்தது. ஏற்கெனவே ஒருமுறை 20 தௌ போரிங் ஆன, அதாவது உள்விட்டத்தைக் கடைந்து பெரிதாக்கிய பிளாக். புல்லட் 350-க்கு கம்பெனி அளவு 70 மில்லிமீட்டர் விட்டம், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சி.சி. ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பிளாக்கில் ரிங் நின்ற இடத்தில் சுற்றிலும் துரு ஒரு கோடாக அரித்திருந்தது, நகத்தை ஓட்டினால் தட்டியது. பல இடங்களில் இதைப் பார்த்ததும் நேராக லேத்துக்கு அனுப்பி "அடுத்த சைஸ் அடிச்சிரு" என்பார்கள். இவர் உள்விட்டம் அளக்கிற போர் கேஜை இறக்கி மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில், ஒவ்வொரு இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக அளந்து ஒரு ரூல்டு நோட்டில் எழுதினார். அரிப்பின் ஆழத்தைப் பார்த்துவிட்டு, 30-இல் கோடு முழுசாகப் போகாது, 40 போக வேண்டும் என்றார்.

போரிங்குக்குப் போகும்போது அவர் வெறும் பிளாக்கை எடுத்துப் போகவில்லை. முதலில் 40 சைஸ் பிஸ்டன் வாங்கினார். அதை மைக்ரோமீட்டரில் ஸ்கர்ட் பக்கம் (பிஸ்டனின் கீழ்ப் பகுதி) அளந்தார். பிறகு பிஸ்டனையும் பிளாக்கையும் சேர்த்தே போரிங் பட்டறைக்குக் கொண்டுபோனார், நானும் கூடப் போனேன். பெட்டியில் 40 என்று எழுதியிருந்தாலும் இரண்டு பிஸ்டன் ஒரே அளவாக இருக்காது. பிஸ்டனை வைத்துத்தான் பிளாக்கைக் கடைய வேண்டும், பெட்டியை வைத்து இல்லை. போரிங்கில் கொஞ்சம் விட்டுவைத்து மீதியை ஹோனிங்கில், அதாவது கல்லால் தேய்த்து, எடுக்கச் சொன்னார். முடிந்ததும் மறுபடி அதே மூன்று இடம், அதே குறுக்கு நெடுக்கு. கீழ் அளவு ஒரு பிசிறு இறுக்கமாக இருந்தது. போரிங் கடைக்காரர் "ஓடினா சரியாயிடும் பாய்" என்றார். பாய் பேசவில்லை, பிளாக்கைத் திருப்பி மெஷின் மேலேயே வைத்தார். அந்த நிமிஷத்தில்தான் எனக்கு இந்த ஆள் மேல் முழு நம்பிக்கை வந்தது.

கடைந்து வந்த பிளாக்கைப் பெட்ரோலில் கழுவாமல், சுடுதண்ணீரும் சோப்புத் தூளும் போட்டு பிரஷ்ஷால் தேய்த்தார். ஹோனிங் கல்லின் பொடி இரும்பின் நுண்ணிய கீறல்களில் உட்கார்ந்திருக்கும், பெட்ரோலுக்கு அது வராது. வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும், அதுவரைக்கும் கழுவினார். காய்ந்த உடனே எண்ணெய் தடவிவிட்டார், இல்லையென்றால் புது இரும்பு பார்த்துக்கொண்டிருக்கும்போதே செம்பழுப்பாகும். ரிங்குகளை ஒவ்வொன்றாக பிளாக்குக்குள் இறக்கி, பிஸ்டனாலேயே நேராகத் தள்ளி வைத்து, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜில் பார்த்தார். பதினொன்று, பன்னிரண்டு தௌ வேண்டும் என்றார். ஒன்று குறைவாக இருந்ததால் அதன் முனையை அரத்தில் ஒரு இழுப்பு இழுத்து மறுபடி அளந்தார். 40 தௌ பெரிதானதற்குக் கணக்குப் போட்டால் என்ஜின் இப்போது 356 சி.சி.

கீழ்ப் பக்கம். தண்ணீர் இறங்கியிருந்ததால் கேஸைப் பிளந்தே பார்த்துவிடலாம் என்றார், அதில் எனக்கும் சம்மதம். மெயின் பேரிங்குகளைச் சுழற்றினால் கரகரத்தன, மாற்றினோம். கிராங்க் செட்டை முழுசாகப் பிரித்துப் புது ராடு போட்டுவிடலாமா என்று நானேதான் கேட்டேன். ராடை நேர் மேலும் கீழுமாக இழுத்துக் காட்டினார். துளி ஆட்டம் இல்லை. பக்கவாட்டில் கொஞ்சம் நகர்ந்தது, அது இருக்க வேண்டியதுதான். லேத்தில் சென்டரில் பிடித்து டயல் கேஜ் வைத்தபோது ஓட்டம் (சுழலும்போது வருகிற கோணல்) இரண்டு தௌவுக்குள் நின்றது. "கம்பெனில சேர்த்தது சார் இது. நல்லா இருக்கறத நான் பிரிச்சா, இதே மாதிரி திருப்பிச் சேர்ப்பேன்னு சொல்ல முடியாது." கேட்ட வேலையைச் செய்துவிட்டு கணிசமாகக் காசு வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை.

வால்வை இயக்குகிற பல்சக்கரங்கள் இருக்கும் டைமிங் பக்கம் திறக்கும்போது அங்கே வேலை கற்றுக்கொள்கிற தம்பியை அருகில் கூப்பிட்டுக் காட்டினார். கிராங்க் முனையில் எண்ணெய் பம்பைச் சுழற்றுகிற புழுப்பல் நட்டு இருக்கிறது, அது இடது மரை. தெரியாதவர்கள் வழக்கமான பக்கம் திருப்பி, இறுகுகிறது என்று பைப் போட்டு இன்னும் பலமாகத் திருப்பி, ஷாஃப்டையே முறித்துவிடுவார்கள். தம்பியின் கையில் ஸ்பானரைக் கொடுத்து அவரையே கழற்ற வைத்தார்.

பம்புகள் இரண்டையும் கழற்றி, அவற்றின் தட்டுகளை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் நைஸ் பேஸ்ட் தடவி எட்டு வடிவமாகத் தேய்த்தார். ஒரு மதியம் முழுக்க இதற்கே போனது. தட்டு முழுக்க ஒரே சாம்பல் நிறம் வந்தால் சமம், எங்கேயாவது பளபளப்பு மிச்சம் இருந்தால் பள்ளம். புல்லட் ஓட்டுகிறவர்கள் "நிறுத்தி வெச்சா எண்ணெய் கீழ இறங்கிடுது, ஸ்டார்ட் பண்ணா புகை தள்ளுது" என்று குறைப்படுவதற்குப் பாதி காரணம் இந்தத் தட்டுகளின் தேய்மானம். பெரும்பாலான இடங்களில் இதைத் தொடவே மாட்டார்கள். வெளியே தெரியாத வேலை, பில்லில் எழுதினால் வாடிக்கையாளருக்குப் புரியாத வேலை. இந்தப் பட்டறையில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த மதியம்தான்.

ஹெட் வேலை சீக்கிரம் முடிந்தது. வால்வு கைடு மாற்றி, வால்வு உட்காரும் சீட்டைக் கட் செய்து, வால்வைத் தேய்த்து, போர்ட்டில் பெட்ரோல் ஊற்றி ஒழுகுகிறதா என்று பார்த்தார். ஒழுகவில்லை.

ஸ்பேர் பற்றி ஒரு வார்த்தை. இந்த வண்டியை இன்றைக்கும் எழுப்ப முடிகிறது என்றால், ஒரே என்ஜினை நம் ஊரில் அத்தனை காலம் செய்தார்கள் என்பதுதான் காரணம். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கினார்கள், திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. 1967-இல் இங்கிலாந்தில் ரெட்டிச் தொழிற்சாலை மூடிய பிறகும் இங்கே அதே 70-க்கு 90 என்ஜின் 2010 வாக்கு வரைக்கும் வந்துகொண்டே இருந்தது. அதனால் பிஸ்டன், வால்வு, பேரிங், பேக்கிங் எல்லாம் இன்னும் கிடைக்கிறது. ஆனால் தரம் கடைக்குக் கடை வேறு. பாய் இரண்டு கடையில் வாங்கிய வால்வு கைடுகளை என் கையில் கொடுத்து, வால்வை உள்ளே விட்டு ஆட்டிப் பார்க்கச் சொன்னார். ஒன்றில் வால்வு பிடித்த மாதிரி இறங்கியது, இன்னொன்றில் புதிதிலேயே ஆடியது. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஸ்பேரை நீங்களே வாங்கி வந்து கொடுத்தால் அதையும் அளப்பார், பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொல்வார். இதில் சிலருக்குக் கோபம் வருவதுண்டு.

சேர்த்த அன்றைக்கே ஸ்டார்ட் செய்யவில்லை. எண்ணெய் ஊற்றி, எண்ணெயை வடிகட்டுகிற ஃபெல்ட் ஃபில்டர் அறையிலும் எண்ணெய் நிரப்பினார். அங்கே காற்று இருந்தால் பம்பு இழுக்க நேரமாகும், அதுவரை பிக் எண்ட் காய்ந்து ஓடும். பிளக் இல்லாமல் கிக்கரைக் கையாலேயே அழுத்தி அழுத்திச் சுற்றினார். ஹெட்டுக்கு எண்ணெய் போகிற பைப்பின் போல்ட்டைத் தளர்த்தி வைத்திருந்தார். அதில் எண்ணெய் பொங்கி வந்து விரலில் வழிகிற வரைக்கும் சுற்றல் நிற்கவில்லை. டாப்பெட் (வால்வு இடைவெளி) செட்டிங்கை என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார்: என்ஜின் குளிர்ந்திருக்கும்போது புஷ்ராடு இரண்டு விரலுக்கு நடுவில் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. இக்னிஷன் பாயிண்ட் இடைவெளி 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டருக்குள்.

மறுநாள் காலையில் ஸ்டார்ட். ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெதுவாக இறக்கி, சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கிற டீகம்ப்ரஷரைப் பிடித்துக் கொஞ்சம் தாண்டவிட்டு, கிக்கரை மேலே எடுத்து, ஒரே மிதி. முதலில் தும்மியது. சோக்கைக் கொஞ்சம் மாற்றி மறுபடி மிதித்ததும் பிடித்துக்கொண்டது. சைலன்சரிலிருந்து குளவி மண் தூளாக வந்து விழுந்தது. கொஞ்சம் புகை வந்தது, ரிங் செட் ஆகும் வரை வரும் என்றார், வந்தது, நின்றது. முன்னால் ஒரு டேபிள் ஃபேன் வைத்துச் சில நிமிஷம் ஓட்டிவிட்டு நிறுத்தினார். அப்புறம் முழுசாக ஆறவிட்டு ஹெட் நட்டுகளைத் திரும்ப இறுக்கினார். சூடு கண்டு ஆறியதும் பேக்கிங் அமுங்கும், முதல் இறுக்கம் போதாது. இதைச் செய்யாமல் வண்டியைக் கொடுப்பதே இல்லை.

செலவு. என்ஜின் வேலைக்குக் கூலி, போரிங், பிஸ்டன் செட், பேரிங், வால்வு, பேக்கிங், எண்ணெய் எல்லாம் சேர்த்து முப்பதாயிரத்தை ஒட்டி வந்தது. பேட்டரியும் டயரும் தனி. காயலான் கடை என்ஜினை மாட்டியிருந்தால் கையில் கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு ரூபாயும் எதற்குப் போனது என்று எனக்குத் தெரியும், கழற்றிய பழைய சாமான் எல்லாம் ஒரு கோணிப்பையில் கட்டி என்னிடமே கொடுத்துவிட்டார், அந்த 20 சைஸ் பிஸ்டன் உட்பட.

குறைகள் இல்லாமல் இல்லை. தேதி சொல்லவே மாட்டார். "ஆயிடும் சார்" என்பதுதான் எல்லாக் கேள்விக்கும் பதில். வேலையில் இருக்கும்போது போனை எடுப்பதில்லை, திருப்பிக் கூப்பிடுவதும் இல்லை. வெளியூரிலிருந்து வண்டி அனுப்புகிறவர்களுக்கு இது பெரிய கஷ்டம், ஒரு வாரம் எந்தத் தகவலும் இல்லாமல் கிடப்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் அவர் மாறியே ஆக வேண்டும் என்று நேரிலும் சொல்லியிருக்கிறேன். தம்பியை விட்டு வாட்ஸாப்பில் ஒரு போட்டோ அனுப்பினாலே போதும். அச்சடித்த பில் கிடையாது, ரூல்டு நோட்டுத் தாளைக் கிழித்துக் கணக்கு எழுதித் தருவார். வயரிங் வேலை எடுப்பதில்லை, அடுத்த தெரு எலக்ட்ரீஷியனிடம் அனுப்பிவிடுவார், அங்கே தனியாகக் காத்திருக்க வேண்டும். பெயிண்ட், குரோம், அழகு வேலை எதுவும் இங்கே இல்லை. என்ஜின் கேஸைப் பாலிஷ் போட்டுத் தரச் சொன்ன ஒரு இளைஞரிடம் "அது வேற கடைல கேளுங்க தம்பி" என்று சொல்லி அனுப்பினார். பெரிய பிஸ்டன் போட்டு வேகம் கூட்டுவது, சத்தத்துக்காக சைலன்சரை வெட்டுவது இதெல்லாம் கேட்டால் வேலையையே எடுக்க மாட்டார். 2010-க்குப் பிந்தைய, கியர் பாக்ஸும் சேர்ந்தே வரும் யூனிட் என்ஜின் வண்டிகளையும் தொடுவதில்லை.

எண்ணெய்க் கசிவு பற்றிக் கேட்பீர்கள். என்ஜினில் எங்கேயும் இல்லை. என்ஜினிலிருந்து கிளட்சுக்குப் போகும் பிரைமரி செயினின் கேஸில், அந்த ஒற்றை நடு நட்டுக்குக் கீழே, ராத்திரி நிறுத்தினால் காலையில் ஒரு சொட்டு இருக்கிறது. ரப்பர் சீல் புதிதுதான். மூடியின் விளிம்பு பழைய அடியில் லேசாக வளைந்திருக்கிறது, நேராக்க முயற்சி செய்தார், முழுசாக வரவில்லை. வாங்குகிறபோதே அதைச் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தார்.

ஓட்டம் எப்படி? புது பிஸ்டன் பழகுகிற ரன்னிங் இன் காலத்தில் ஐம்பதைத் தாண்டாமல் ஓட்டினேன், முக்கியமாக மேட்டில் டாப் கியரில் திணறவிடாமல். ஐநூறு கிலோமீட்டரில் எண்ணெய் மாற்றினோம். வடித்த எண்ணெயில் காந்தத்தை விட்டுப் பார்த்தார், நைஸ் பொடி மட்டும் ஒட்டியது, துண்டு எதுவும் இல்லை. ஐடிலிங் நிதானமாக நிற்கிறது. கல்லணை ரோட்டில் மூன்றாவது மேலே நாலாவது போட்டால் அந்தப் பழைய சத்தம், ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கிறது. அண்ணனை லால்குடியிலிருந்து பின்னால் உட்கார வைத்து சமயபுரம் வரைக்கும் கூட்டிப்போய் வந்தேன். வழி முழுக்க ஒன்றும் பேசவில்லை, இறங்கியதும் "டாப்பெட் சத்தம் சுத்தமா இல்லையேடா" என்றார். அவருக்கு அதுதான் பாராட்டு.

நிறுத்தி வைக்கிறவர்களுக்கு பாய் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். மாதக்கணக்கில் ஓட்டப் போவதில்லை என்றால் கார்பரேட்டரில் பெட்ரோலை விடாதீர்கள். இப்போது வருகிற எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் சாமான்களையும் உப்ப வைக்கும். பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, அதுவாக நிற்கும்வரை என்ஜினை ஓட்டி நிறுத்துங்கள். பிஸ்டனை மேலே கம்ப்ரஷனுக்குக் கொண்டுவந்து வைத்தால் இரண்டு வால்வும் மூடியிருக்கும், ஈரம் உள்ளே போகாது. பிளக் ஓட்டையில் கொஞ்சம் எண்ணெய். அவ்வளவுதான், கால் மணி நேர வேலை.

போகிறவர்கள் கவனத்துக்கு: வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்கு மூடுவார், மூன்று மணிக்கு மேல் போங்கள். சந்து குறுகல், குட்டி யானை முனை வரைதான் வரும், அங்கிருந்து தள்ளிக்கொண்டு போக வேண்டும். வண்டியோடு ஆர்.சி. நகலைக் கொடுங்கள், என்ஜின் நம்பரை ஒத்துப் பார்த்த பிறகுதான் எடுப்பார். டப்பாவில் கழற்றிப் போட்ட பழைய போல்ட்டு, நட்டு, வாஷர் இருந்தால் குப்பை என்று நினைத்து விட்டுவிட்டுப் போகாதீர்கள், அவருக்கு அதெல்லாம் வேண்டும். நான் அடுத்த மாதம் கிளட்ச் பிளேட்டுக்காகப் போகிறேன், குளிர்ந்த என்ஜினில் முதல் கியர் போடும்போது இன்னும் கொஞ்சம் இழுக்கிறது.